அண்ணி வளர்த்த பதினொரு மோசமான பாம்புகள்

எங்கள் அண்ணி எந்த லிஃப்டில் ஏறினாலும் முதலில் உள்ளங்கையை அதன் சுவரில் வைத்துப் பார்ப்பார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. கதவு மூடி, கூண்டு கிளம்பி, இரண்டு மாடி கடந்த பிறகுதான் கையை எடுப்பார். துணிக்கடை லிஃப்ட், ஆஸ்பத்திரி லிஃப்ட், எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. கூட ஏறியவர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று அண்ணி ஆறுதல் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நிஜமாகவே பயம் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணியை "அவர்" என்றும் அண்ணனை "அவன்" என்றும்தான் எழுதப்போகிறேன். வீட்டில் பேசுவதும் அப்படித்தான். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, மரியாதை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். நான் அண்ணிக்கு நாத்தனார். வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யார் யாரைக் கைவிட்டது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு.

அண்ணி லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருடமாக அதே கம்பெனி, அதே நீலச் சட்டை. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு, சாயங்காலம் ஐம்பத்து நான்கு படி ஏறி வீட்டுக்கு வருவார்.

அந்த வேலையில் பாதி பழுது பார்ப்பது, மீதி சோதிப்பது. சோதிப்பதில்தான் அண்ணிக்கு உயிரே. கூண்டுக்குள் மணல் மூட்டைகளை அடுக்கி மேலே அனுப்புவார். பாதி வழியில் மின்சாரத்தை நிறுத்துவார். கதவு மூடும் நேரம் பார்த்து நடுவில் துடைப்பத்தை நீட்டுவார். எல்லா மாடி பட்டனையும் ஒரே மூச்சில் அமுக்குவார். "லிஃப்ட் எப்படிப் போகணும்னு அதைச் செஞ்சவங்களுக்குத் தெரியும். ஜனங்க அதுல எப்படி ஏறுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார்.

கடைசியாக ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவரே முதலில் ஏற வேண்டும். தனியாக. உச்சி மாடிவரை போய்த் திரும்பிக் கீழே வந்த பிறகுதான் கதவில் தொங்கும் "பழுது" என்ற மஞ்சள் பலகையை எடுப்பார். அந்தப் பலகை எப்போதும் அவர் பையில் இருக்கும். சில நாட்களில் எங்கள் குளியலறைக் கதவிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்புறப் படுத்திருந்த அண்ணனின் முதுகிலும் அது இருந்ததுண்டு. எப்படிப் போனது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

நான்கு மாதம் முன்பு ஒரு கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்தபோது அண்ணிக்குக் கால் வழுக்கியது. விழாமல் இருக்க ஒற்றைக் கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆள் தப்பித்தார், வலது தோள் தப்பிக்கவில்லை. இனிமேல் ஏணி ஏறக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உதிரி பாகக் கிடங்கில் உட்காரச் சொன்னது. ஜன்னல் இல்லாத அறை. திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போடும் வேலை.

"நிழல்ல உக்காந்து பாக்கற வேலை. என்ன குறைச்சல்?" என்றான் அண்ணன். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"உங்ககிட்ட இருந்து வேன் சாவிய வாங்கிட்டு, இனிமே டயர மட்டும் தொடச்சு அடுக்குங்கன்னு சொன்னா அடுக்குவீங்களா?"

அண்ணன் தட்டைக் கழுவப் போய்விட்டான். ஏற்கெனவே கழுவிய தட்டு.

கம்பெனியில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. லிஃப்டுக்கு மூளை எழுதும் பிரிவு. எந்த மாடிக்கு முதலில் போவது, எப்போது கதவைத் திறப்பது என்று முடிவெடுக்கும் புரோகிராமை அங்கேதான் எழுதுகிறார்கள். அந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்க வருடத்துக்கு ஒருமுறை போட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், பட்டம் தேவையில்லை. முதல் நான்கு இடத்தில் வருபவர்களுக்கு நேர்காணல். அண்ணி இரண்டு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். "நான் வெளியில இருந்து சரி பண்றேன், உள்ள உக்காந்து முடிவு பண்றது யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்பார். அது இப்படி உதவும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். கட்டுப் போட்ட தோளோடு, இடது கையால் தட்டித் தட்டி, வீட்டுப் பழைய கணினியில் போட்டிக்குத் தயாரானார்.

போட்டி இதுதான். கட்டம் போட்ட பலகை மாதிரி ஒரு திரை. எதிரெதிர் மூலையில் இரண்டு பாம்பு. ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் நகர வேண்டும். நகர நகர உடம்பு நீண்டுகொண்டே போகும். சுவரிலோ, தன் உடம்பிலோ, எதிராளியின் உடம்பிலோ முட்டினால் செத்தது. அடுத்து எந்தப் பக்கம் என்று அரை நொடிக்குள் பதில் அனுப்பாவிட்டாலும் செத்ததுதான். பாம்பை மனிதர்கள் ஓட்டக் கூடாது. தானே யோசித்து ஆடும் புரோகிராம்தான் ஓட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு என்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதில் கொஞ்சூண்டு.

அண்ணியின் பாம்பு இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தன்னோடு தானே ஆடியது. லட்சக்கணக்கான ஆட்டம். எந்த நகர்வுக்கு எத்தனை மதிப்பெண் என்று தானே கற்றுக்கொண்டது. அது ஆடி முடிக்கும்வரை கணினியின் மின்விசிறி போட்ட சத்தத்தில் அண்ணனுக்கு வேன் ஞாபகம் வந்து கால் தானாக பிரேக்கைத் தேடியது.

போட்டி சனி, ஞாயிறு இரண்டு நாள். சனிக்கிழமை முழுக்கச் சோதனை. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் புரோகிராமை ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகு ஆட்டம். போட்டியாளர் முப்பத்திரண்டு பேர். ஒருவர் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வரலாம். அண்ணன் வந்தால் கை தட்டிக் கூச்சல் போடுவான் என்பதால் நான் போனேன். அண்ணியின் பையைத் தூக்குவது என் வேலை. பைக்குள் அந்த மஞ்சள் பலகையும் இருந்தது. போன பத்தாவது நிமிடத்தில் காபி இயந்திரத்தில் அதை மாட்டினேன். ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை, எல்லாரும் பேசாமல் திரும்பிப் போனார்கள். படித்தவர்கள் பலகையை அப்படியே நம்புகிறார்கள்.

"எடுடி அதை" என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நீளமான ஹால். வரிசையாக மேசைகள். மேற்பார்வை பார்த்தவர் மூளைப் பிரிவின் தலைவர். மெலிந்து உயர்ந்த மனிதர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று நேரம் சொன்னதால் நான் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தேன். மதியத்துக்குள் நாலு மேசை அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது.

சோதனைக்கென்று எல்லாருக்கும் பொதுவான ஒரு களம் இருந்தது. அங்கே யாருடைய பாம்போடும் யாருடைய பாம்பும் மோதிப் பார்க்கலாம். மற்றவர்கள் தங்கள் கெட்டிக்காரப் பாம்பை இன்னொரு கெட்டிக்காரப் பாம்போடு மோதவிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதைச் செய்யவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் பதினொரு பாம்புகள் எழுதியிருந்தார். எல்லாமே மோசமான பாம்புகள். ஜெயிப்பதற்காக எழுதியவை அல்ல, தொல்லை கொடுப்பதற்காக எழுதியவை. பதினான்கு வருடம் லிஃப்டில் அவர் பார்த்த மனிதர்கள்தான் எல்லாமே.

"குழந்தை" என்ற பாம்பு எல்லாப் பக்கமும் கண்டபடி திரும்பும். அது எல்லாப் பட்டனையும் அமுக்குகிற குழந்தையாம். "அவசரக்காரர்" குறுக்கே நேராக ஓடிவரும். "மாடி மறந்தவர்" பாதி தூரம் போய்விட்டுத் திரும்பும். "தூங்குமூஞ்சி" அரை நொடி முடியப்போகும் கடைசிக் கணத்தில்தான் பதில் அனுப்பும். லிஃப்டுக்குள் கண்ணாடியில் தலைமுடி சரிசெய்கிறவர்கள் உண்டல்லவா? அவர்களுக்காக "கண்ணாடி" என்று ஒன்று. எதிராளி இடது பக்கம் போனால் அதுவும் இடது பக்கம், வலது பக்கம் போனால் வலது பக்கம், அப்படியே பிரதி எடுக்கும். இப்படிப் போய்ப் பதினொன்றாவது பாம்பின் பெயரைப் பார்த்தேன். "நாத்தனார்."

"இது என்ன செய்யும் அண்ணி?"

"நேரா மோதற மாதிரி வரும். கடைசி நிமிஷத்துல திரும்பிடும். என்ன நெனச்சு வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

"நான் அப்படியா?"

"போன வாரம் என் செருப்புக்குள்ள ஈர பஞ்ச வச்சுட்டு, நான் காலை விடறதுக்குள்ள நீயே ஓடி வந்து எடுத்தியே, ஏன்?"

காபி வாங்கப் போனேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு கோளாறு தெரிந்தது. அண்ணியின் பாம்பு பத்து பாம்புகளைச் சுலபமாக ஜெயித்தது. ஆனால் நாத்தனாரோடு ஆடும்போது மட்டும் மூன்று ஆட்டத்துக்கு ஒன்று தோற்றது. தோற்றபோதெல்லாம் திரையில் ஒரே வாசகம்: நேரம் முடிந்தது. அதாவது அண்ணியின் பாம்பு அரை நொடிக்குள் பதில் அனுப்பவில்லை.

"ரொம்ப யோசிக்குது. வேகம் பத்தல" என்றார் அண்ணி. சாயங்காலம்வரை புரோகிராமின் வேகத்தைக் கூட்டினார். தேவையில்லாத கணக்கையெல்லாம் வெட்டினார். தோள் வலித்தால் கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் தட்டினார். மூட்டை முடிச்சைக் கட்டும் நேரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பாம்பு இரண்டு மடங்கு வேகமாகிவிட்டது. நாத்தனாரிடம் மூன்றுக்கு ஒன்று அப்படியே தோற்றது.

வீட்டில் அண்ணன் கேட்டான். "என்ன, ஜெயிச்சிடுவீங்களா?"

"உங்க தங்கச்சிகிட்டதான் தோத்துக்கிட்டே இருக்கேன்."

"அதுல என்ன புதுசு?" என்றான் அவன்.

ஞாயிறு காலை பத்தரை. அண்ணி நாத்தனாரோடு மறுபடி மோதவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பாம்பு விறுவிறுவென்று வந்து, மூக்கோடு மூக்கு வைக்கும் தூரத்தில் சட்டென்று திரும்பியது. அண்ணியின் பாம்பு அப்படியே நின்றது. நேரம் முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணி, உங்க பாம்பு அச்சு அசல் உங்கள மாதிரியே பண்ணுது."

"என்னது?"

"நான் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணா நீங்க திட்டவும் மாட்டீங்க, அடிக்கவும் மாட்டீங்க. அப்படியே நின்னு பாப்பீங்களே. அதே முழி."

அண்ணி என்னையும் அதே முழியால் பார்த்தார். பிறகு புரோகிராமை மேலே தள்ளி, கீழே தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

அந்த வரியை அவரே எழுதியிருக்கிறார். எழுதிய ஞாபகமே அவருக்கு இல்லை. இரண்டு நகர்வுக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட சமமாக இருந்து, எது சரி என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், எதுவும் செய்யாதே, நில்.

லிஃப்டில் அதுதான் முதல் பாடம். கதவு மூடியதா இல்லையா என்று சந்தேகமா, நில். எந்த மாடியில் இருக்கிறோம் என்று குழப்பமா, நில். நின்ற லிஃப்டால் யாருக்கும் காயம் ஆவதில்லை, திட்டு மட்டும்தான் கிடைக்கும். பதினான்கு வருடம் பழகிய கை, பாம்புக்கும் அதையே எழுதிவிட்டது. பாம்பாட்டத்தில் நிற்பது என்றால் பதில் அனுப்பாமல் இருப்பது, அதாவது சாவது. அந்த ஹாலில் இருந்த மற்ற முப்பத்தொரு பேரும் தலைகீழாக நின்றாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அண்ணி தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்து, வலித்ததால் பாதியில் நிறுத்தினார்.

"நேத்து பூரா நல்ல மோட்டார கழட்டி கழட்டி மாட்டிட்டு இருந்திருக்கேன்டி" என்றார்.

அந்த வரியை அழித்துவிட்டு, சந்தேகம் வந்தால் காலி இடம் அதிகம் இருக்கும் பக்கம் போ என்று எழுதினார். பத்து நிமிட வேலை. மணி பதினொன்று ஐந்து.

"ஒப்படைச்சிடுங்க அண்ணி."

"ஓட்டிப் பாக்காமயா?"

பதினொரு பாம்போடும் தலைக்கு நூறு ஆட்டம். எல்லாம் ஓடி முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஓடவிட்டுவிட்டு எழுந்து, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பையனிடம் போனார். கல்லூரி மாணவன். தலையில் ஒரு கூடை சுருட்டை முடி. நேற்றிலிருந்து அவன் பாம்புதான் எல்லாரையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஹாலே அவனைச் சுருட்டை என்றுதான் அழைத்தது, இந்தப் பெயரை நான் வைக்கவில்லை.

"தம்பி, உன் பாம்பு என் கண்ணாடியோட ஆடினப்ப ரெண்டு தடவை தொங்கிப் போச்சு. பாத்தியா?"

"அது உங்க பாம்பு சும்மா காப்பி அடிக்குதுக்கா. நிஜ போட்டியில யாரும் அப்படி ஆட மாட்டாங்க."

"ஆடுவாங்க. எதிராளி உன்ன மாதிரியே நகர்ந்தா, அவன் என்ன பண்ணுவான்னு நீ யோசிக்கற, நீ என்ன பண்ணுவேன்னு அவன் யோசிக்கறான்னு நீ யோசிக்கற. சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள அரை நொடி போயிடுது. பாத்துக்கோ."

நான் அண்ணியின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். "உங்களுக்குப் பைத்தியமா? நாலு பேருக்குத்தான் இடம். அவன் எதிரி!"

"கோளாறு தெரிஞ்சும் சொல்லாம இறங்கி வர எனக்குப் பழக்கமில்ல."

"அது லிஃப்ட்டு. இது பாம்பு."

"எனக்கு அது வரலடி. என்ன பண்ணச் சொல்ற?" என்றார், உண்மையிலேயே வருத்தத்தோடு.

மணி பதினொன்று நாற்பது. மணிக்கூண்டு எழுந்து நேரம் சொன்னார். ஹாலில் பாதிப் பேர் ஒப்படைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அண்ணியின் சோதனை எட்டாவது பாம்பில் இருந்தது. பதினொன்று ஐம்பது, ஒன்பதாவது. நான் நகத்தைக் கடித்தேன். முடிந்ததும் அண்ணனின் நகத்தைக் கடிக்கலாம் என்று பார்த்தால் அவன் அங்கே இல்லை.

"அண்ணி, ஒம்போது பாஸாயிடுச்சு. போதும். குடுத்திடுங்க."

"ஒம்போது மாடி சரியா போச்சுன்னு பத்தாவது மாடிக்கு ஆள ஏத்தி அனுப்புவாங்களா?"

"பன்னண்டு அடிச்சா எந்த மாடியும் இல்ல! கிடங்குதான்! திருகாணிதான்!"

அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் மற்ற கை ஒப்படைக்கும் பட்டன் பக்கம் போகவே இல்லை.

பதினொன்று ஐம்பத்தாறுக்குக் கடைசிப் பாம்பு வந்தது. நாத்தனார். திரையில் எண் ஏறியது. முப்பது, அறுபது, எண்பது. மணிக்கூண்டு நேரம் முடிந்தால் அடிக்கும் கைமணியை எடுத்துக்கொண்டார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு ஆட்டம், நூறும் வெற்றி, ஒரு இடத்தில்கூட நேரம் முடியவில்லை. அண்ணி பட்டனை அமுக்கும்போது இருபது நொடி மீதமிருந்தது.

"நல்லா ஓடுது" என்றார்.

இடது பக்கத்தில் சுருட்டையைப் பார்த்தேன். அவன் பத்து நிமிடம் முன்னாலேயே கோளாறைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

முதல் இரண்டு சுற்றில் அண்ணியின் பாம்பு அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தது. பிரமாதமான பாம்பு என்று சொல்ல மாட்டேன். பாய்ச்சல் கிடையாது, வித்தை கிடையாது. இடம் பார்த்து இடம் பார்த்துப் போகும். எதிராளிதான் தன் புத்திசாலித்தனத்தில் தானே சிக்கிச் சாவான். மூன்றாவது சுற்றில் ஜெயித்தால் நான்கு பேரில் ஒருவர். மூன்றாவது சுற்றில் யாரோடு என்று திரையில் வந்தபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சுருட்டை.

"சொன்னேன்ல?" என்றேன்.

"சும்மா இரு."

மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும். முதல் ஆட்டத்தில் சுருட்டையின் பாம்பு அண்ணியின் பாம்பை மூலைக்குத் தள்ளி நெருக்கிக் கொன்றது. அழகாகத்தான் இருந்தது, பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது ஆட்டம் நீளமாகப் போனது. பலகையில் முக்கால்வாசி நிறைந்த பிறகு, இரண்டு பக்கமும் சமமான ஓர் இடத்தில் அண்ணியின் பாம்பு வந்து சேர்ந்தது. பழைய வரி இருந்திருந்தால் அங்கே நின்றிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது அகலமான பக்கம் திரும்பியிருந்தது. சுருட்டையின் பாம்புக்குப் போக வழியில்லை. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது ஆட்டத்தின் பத்தாவது நகர்வில் இரண்டு பாம்பும் தற்செயலாக ஒரே மாதிரி நகரத் தொடங்கின. நிஜப் போட்டியில் யாரும் அப்படி ஆட மாட்டார்கள் என்று அவன் சொன்னானே, அதே மாதிரி. சுருட்டை முன்னால் சாய்ந்தான். கோளாறு அவனுக்குத் தெரியும், சரியும் செய்திருக்கிறான். யோசனை சுற்ற ஆரம்பித்தால் யோசிப்பதை விட்டுவிட்டு நேராகப் போ என்று ஒரு வரி எழுதியிருந்தான். பாம்பு தொங்கவில்லை. சொன்னபடி நேராகப் போனது. நேராகப் போய், எதிரே இருந்த சுவரில் தலையைக் கொடுத்தது.

ஹாலில் யாரோ சிரித்தார்கள். நான் குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. எழுந்து அவன் மேசைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரி பண்ணதுக்கு அப்புறம் ஓட்டிப் பாக்கலையா தம்பி?"

"ஒரு வரிதானேக்கா..." என்றான். காது மடல் சிவந்திருந்தது.

"எனக்கும் ஒரு வரிதான். காமி, பாப்போம். முன்னாடி சுவர் இருக்கான்னு எங்க கேக்கணும் இதுல?"

இரண்டு பேரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மணிக்கூண்டு மேடையில் நின்று முதல் நான்கு பேரை அழைத்தார். மூன்று பேர் போனார்கள். அண்ணியை இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறை என்னைப் பார்த்தார். நான் சுருட்டையின் மேசையைக் காட்டினேன். தோற்றவனின் பாம்பை ஜெயித்தவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கூண்டு மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர்கள் பின்னால் நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். நேரம் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த சுற்றில் அண்ணி தோற்றார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை.

நேர்காணலில் நடந்ததை அண்ணியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம், நடுவில் மணிக்கூண்டு. உங்கள் பாம்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். "அது சுமாரான பாம்புங்க. அதைக் கஷ்டப்படுத்தறதுக்குன்னு பதினொண்ணு வச்சிருக்கேன், அதைச் சொல்லட்டுமா?" என்றாராம் அண்ணி. அரை மணி நேரம் சொன்னாராம். கடைசியில் ஒருவர், அந்த நாத்தனார் உண்மையில் இருக்கிற ஆளா என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

முதல் தேதி அண்ணி கிடங்குக்குப் போகவில்லை. மூளைப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். எழுதுவதும் அவரே, எழுதியதை வதைப்பதும் அவரே. அந்த மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று அண்ணன் மூன்று முறை கேட்டான். இருக்கிறது.

போன வாரம் அவர் எழுதிய முதல் புரோகிராமை ஒரு நூலகத்தின் லிஃப்டில் ஏற்றினார்கள். ஆறு மாடி. நானும் அண்ணனும் பார்க்கப் போனோம். எங்களை உள்ளே ஏறவிடவில்லை. மணிக்கூண்டு, தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அண்ணி கேட்கவில்லை. கதவில் மஞ்சள் பலகையை மாட்டினார், தனியாக உள்ளே போனார், உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கதவு மூடியது.

கதவுக்கு மேலே எண் மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தான், வெளியே யாரோ ஒலிப்பான் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அவன் காதில் விழவில்லை. நான்கு. ஐந்து. ஐந்து. ஐந்து.

எண் மாறவில்லை.

மணிக்கூண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நான் கதவில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் போய்ப் படிக்கட்டில் இரண்டு படி ஏறிவிட்டான். எனக்கு அந்தக் கூண்டின் கூரையும், வழுக்கிய காலும், ஒற்றைக் கையும் ஞாபகம் வந்தன. இனிமேல் செருப்பில் பஞ்சு வைக்க மாட்டேன் என்று யாரிடமோ சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

ஆறு. பிறகு ஐந்து, நான்கு என்று இறங்கி வந்தது. கதவு திறந்தது. அண்ணி சாவகாசமாக வெளியே வந்தார்.

"என்னாச்சு? ஏன் நின்னுச்சு?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"நாந்தான் கதவை லேசா நெம்பிப் பாத்தேன். சந்தேகம் வந்தா நிக்கணும்ல?" என்றார். "நின்னுச்சு."

அண்ணன் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து, முகத்தைத் துடைப்பதற்காகத் திரும்பி நின்றான். அண்ணி கதவிலிருந்த பலகையை எடுத்தார். அவன் முதுகைப் பார்த்தார். பிறகு பலகையை என் கையில் கொடுத்தார்.